இரண்டாய்த் தெரிந்த பலாக்கிளை

ஓடைக்கரையில் ஒரு வேங்கை மரம். அதன் உச்சியில் செம்பி என்ற மலையணில், கணவன் கருவாலனோடு கூடு கட்டிக் குடியிருந்தாள். ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு பலா மரம். அந்தக் காட்டிலேயே அதைப் போலக் காய்க்கிற மரம் கிடையாது. வேங்கையிலிருந்து பலாவுக்குப் போக ஒரே வழி, ஒரே தாவல். தவறினால் கீழே பாறை. பாறைக்குத் தப்பினாலும் நரிக்குத் தப்ப முடியாது. அதனால் மலையணில்கள் தரையில் கால் வைப்பதே இல்லை.

செம்பிக்குப் பார்வை மங்கல்; பக்கத்தில் இருப்பதும் தெளிவாகத் தெரியாது. கண்ணாடி போட்டிருந்தாள். மலையணிலுக்குக் கண்ணாடியா என்று சிரிக்க வேண்டாம். பார்வை மங்கினால் யாராக இருந்தாலும் கண்ணாடிதான்.

ஒரு நாள் கண்ணாடியைக் கழற்றிக் கிளையில் வைத்துவிட்டு வாலைக் கோதிக்கொண்டிருந்தாள். கருவாலன் வந்தான். வந்தவன் அதன் மேலேயே உட்கார்ந்தான். படக்!

"கண்ணாடிய வைக்கிற இடமா இது?" என்று கத்தினான்.

"உட்கார்ற இடத்தப் பார்த்து உட்காரக் கூடாதா?"

"அதுக்கு எனக்கும் ஒரு கண்ணாடி வேணும் போல!" என்று சொல்லி அவனே சிரித்துக்கொண்டான்.

ஒரு பக்கத்துக் கண்ணாடி தூள்தூள். இன்னொன்றில் நடுவே நெடுக ஒரு விரிசல். சட்டத்தின் ஒரு காது உடைந்து போயிற்று. செம்பி நாரை முறுக்கிக் காதுக்குப் பதிலாகக் கட்டிக்கொண்டு, மறுநாளே கோணவாயன் கடைக்குப் போனாள்.

கோணவாயன் ஒரு குரங்கு. மலைப்பாதை வளைவில் மனிதர்கள் வண்டியை நிறுத்திப் படம் பிடித்துக்கொள்வார்கள். அவர்கள் மூக்கிலிருந்து கண்ணாடியைப் பிடுங்குவது அவன் தொழில். பிடுங்கியதையெல்லாம் ஆலவிழுதுகளில் வரிசையாகத் தொங்கவிட்டிருப்பான். கண் சோதனைக்கு அவனிடம் பலகையெல்லாம் கிடையாது. தள்ளி நின்று வாயைத் திறந்து காட்டுவான்.

"எத்தனை பல்லு, சொல்லும்மா!"

"பல்லா? ஒரே வெள்ளைக் கோடாத்தான் தெரியுது."

"இதப் போட்டுப் பாரு."

"பத்துப் பன்னிரண்டு இருக்கும்."

"இது?"

செம்பி அசந்துபோனாள். "ஒவ்வொரு பல்லும் தெரியுதே! இடப்பக்கம் ஒண்ணு பாதி உடைஞ்சிருக்கு!"

"அதான் உன் கண்ணாடி! ஒரு பொந்து நிறைய முந்திரிக்கொட்டை கொண்டா, எடுத்துக்கோ."

"ஒரு பொந்தா! கொஞ்சம் கொஞ்சமாத் தரேனே."

"அந்தப் பல்லு எப்படி உடைஞ்சதுன்னு நினைக்கிறே? மனுஷன் சும்மாவா குடுக்கிறான்? பொந்து நிறையட்டும், வா. அதுவரைக்கும் யாருக்கும் குடுக்காம வச்சிருக்கேன்."

செம்பி கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தாள். குரங்கு, ஆலமரம், அதற்கப்பாலிருந்த மலை எல்லாம் மறுபடி கரைந்து ஒன்றோடொன்று கலந்தன.

மறுநாள் காலையில் வேங்கைக் கிளையின் நுனியில் போய் நின்றாள். பலாக்கிளை ஒன்றுக்கு இரண்டாகத் தெரிந்தது. விரிசல் செய்த வேலை. இரண்டும் ஒரே உயரம், ஒரே பருமன். இரண்டிலும் ஒரே மாதிரி இலை ஆடியது. எது நிஜம்?

அவள் ஒரு கொட்டையோட்டை எடுத்து வலப்பக்கக் கிளைமேல் எறிந்தாள். அது கிளையின் ஊடாகப் போய் ஓடையில் விழுந்தது. இன்னொன்றை இடப்பக்கக் கிளைமேல் எறிந்தாள். டொக்!

இடதுதான் நிஜம். கண்ணை இறுக மூடித் திறந்து, இடப்பக்கம் பார்த்துத் தாவினாள். கால் கிளையைப் பற்றியது. பற்றியதும் நாலு காலாலும் கிளையைக் கட்டிக்கொண்டு கிடந்தாள்.

பத்து நாள் ஓடு எறிந்து பார்த்துத் தாவினாள். பிறகு எறியாமலே தாவினாள். பழம் பழுத்ததா என்று தட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். வருகிறது யார் என்று கிளை ஆடுகிற ஆட்டத்தில் தெரிந்துகொண்டாள். ஒரு தடவை தொங்கிய கொடியைக் கணவன் வால் என்று நினைத்து நெடுநேரம் திட்டித் தீர்த்தாள். கொடி வாய் திறக்கவில்லை. திட்டும்போது அவனும் வாய் திறக்கிறவன் இல்லை. அதனால் வித்தியாசம் தெரியவில்லை.

இதற்கு நடுவே மூன்று குட்டிகள் பிறந்தன. மூன்றும் அவளுக்கு மூன்று செம்மண் உருண்டைகள்தான். வாசனையை வைத்து இது மூத்தது, இது நடு, இது கடைசி என்று பிரித்துக்கொண்டாள்.

காடே அவளைப் பாராட்டியது.

"செம்பியப் பாரு! உடைஞ்ச கண்ணாடிய வச்சுக்கிட்டு என்னமாத் தாவுறா!"

"அவளுக்குச் சமாளிக்கத் தெரியும்ப்பா!"

முதலில் அது இனிப்பாகத்தான் இருந்தது. செம்பி வாலை ஒரு சுழற்றுச் சுழற்றிக்கொண்டாள். அந்தப் பாராட்டே தன் கழுத்தில் ஏறி உட்காரப் போகிறது என்று அப்போது தெரியவில்லை.

முந்திரி சேர்ந்தது. பாதிப் பொந்து நிறைந்தபோது மழை பிடித்துக்கொண்டது. யாராலும் வெளியே போக முடியவில்லை. குட்டிகள் பசியில் கத்தின. செம்பியே பொந்தைத் திறந்து ஊட்டினாள். அதில் அவளுக்கு வருத்தம் இல்லை.

மறுபடி சேர்த்தாள். முக்கால் பொந்து வந்தது. கருவாலனுடைய கூட்டாளிகள் வால் சிலுப்பும் போட்டி வைத்தார்கள். ஜெயித்தவன் எல்லோருக்கும் விருந்து போட வேண்டுமாம். கருவாலன் ஜெயித்துத் தொலைத்தான்.

"பொந்துல கை வச்சிட்டீங்களா?"

"ஊரே வாயப் பார்க்குது, என்ன பண்றது? உனக்குத்தான் சமாளிக்கத் தெரியுமே!"

அன்றைக்கு முதல் தடவையாக அவள் சொன்னாள். "பயமா இருக்குங்க."

"என்ன பயம்? இத்தனை நாள்ல ஒரு தடவையாவது விழுந்தியா?"

"விழுந்தாத்தான் வாங்கித் தருவீங்களா?"

அவன் கொட்டாவி விட்டான்.

இனி யாரிடமும் கேட்பதில்லை என்று செம்பி முடிவு செய்தாள். ஒற்றை ஆளாக முந்திரி மரத்தில் ஏறிப் பறித்தாள். விரிசல் வழியே பார்த்துப் பார்த்துத் தலை வலித்தது. கண்ணில் நீர் வடிந்துகொண்டே இருந்தது. எது கொட்டை, எது மரக்கணு என்று தெரியாமல் ஒவ்வொன்றையும் கடித்துப் பார்த்ததில் பல் கூசியது. ஆனாலும் பொந்து ஏறியது. ஒரு நாள் காலையில் கையை விட்டுப் பார்த்தாள். வாய்வரைக்கும் வந்திருந்தது. இன்னும் ஒரு கை போட்டால் போதும்.

அந்த ஒரு கைக்காகக் கிளம்பிப் போனாள். பறித்துக்கொண்டு மத்தியானம் திரும்பினாள்.

கூட்டிலிருந்து 'கடக் கடக்' என்று சத்தம் வந்தது. யாரோ முந்திரி உடைக்கிறார்கள்!

கருவாலனின் தங்கை மினுக்கி, தன் வீட்டுக்காரனோடு வந்து உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க அண்ணி! முந்திரி என்ன ருசி! எங்க பக்கம் இத்தனை ருசியாக் கிடைக்கிறதே இல்ல!"

செம்பி பொந்துக்குள் கையை விட்டாள். கை போய்க்கொண்டே இருந்தது. அடியில் வெறும் ஓடு தட்டியது.

"இது என் கண்ணாடிங்க!" என்றாள் கருவாலனிடம்.

"அட, முந்திரிதானே! பறிச்சா மறுபடி வரும். மாப்பிள்ளை வந்திருக்கிற நேரத்துல ஆரம்பிக்காதே."

மினுக்கி கண்ணை அகல விரித்தாள். "கண்ணாடியா? எதுக்கு அண்ணி? மழைக்கு முன்னாடி வந்தப்போ பார்த்தேனே, கண்ணு தெரியிறவங்களைவிட நல்லாத் தாவுனீங்களே! உங்களுக்கெல்லாம் கண்ணாடி ஒரு அலங்காரம்!"

செம்பி கையில் இருந்த முந்திரிகளை என்ன செய்வதென்று தெரியாமல் பொந்தில் போட்டாள். அவை ஒவ்வொன்றாக அடிவரைக்கும் போய் விழுந்தன.

கருவாலனுக்குக் கொஞ்சம் உறுத்தியது. உறுத்தினால் அவனுக்கு உடனே கைவேலை வந்துவிடும்.

"குடு இப்படி! நானே சரி பண்ணித் தரேன். இதுக்குப் போய் ஒரு பொந்து முந்திரியா?"

அவன் விரிசல் விட்ட கண்ணாடியைச் சட்டத்திலிருந்து நெம்பி எடுத்தான். நக்கினான். வாலால் துடைத்தான். மறுபடி பொருத்தி ஓரத்தில் வேங்கைப் பிசினைத் தடவினான். பழைய நாரை அறுத்துப் போட்டுவிட்டுப் புது நார் கட்டினான். தன் கையாலேயே அவள் மூக்கில் மாட்டினான்.

"எப்படி? புதுசு மாதிரி இல்ல?"

"ரெண்டாத்தான் தெரியுது."

"முன்னாடியும் ரெண்டுதானே? அழுக்கு போயிடுச்சா இல்லையா?"

"போயிடுச்சு."

"அப்புறம் என்ன! மாப்பிள்ளைக்குப் பலாச்சுளைன்னா உயிர். ஓடிப் போய்க் கொண்டா!"

கருவாலன் விரிசல் கண்ணாடியைச் சட்டத்தில் முன்பின்னாகத் திருப்பி மாட்டியிருந்தான். இப்போது நிஜக்கிளை வலப்பக்கமும் பொய்க்கிளை இடப்பக்கமும் தெரிந்தன. அது மாட்டியவனுக்கும் தெரியாது, மாட்டிக்கொண்டவளுக்கும் தெரியாது.

செம்பி கிளை நுனிக்குப் போனாள். என்னவோ சரியில்லை என்று மனசு சொன்னது. காலடியில் ஒரு கொட்டை ஓடு கிடந்தது. எறிந்து பார்க்கலாமா? குனிந்தாள்.

பின்னாலிருந்து மினுக்கி கூவினாள். "என்ன அண்ணி, யோசிக்கிறீங்க? தாவுங்க! எங்க வீட்டுக்காரர் பார்த்ததே இல்ல, அவருக்குக் காட்டுங்க!"

பார்க்க வந்தவர்கள் முன்னால் ஓடு எறிந்து தடவிப் பார்ப்பதா? செம்பி நிமிர்ந்தாள். எப்போதும் போலக் கண்ணை மூடித் திறந்தாள். எப்போதும் போல இடப்பக்கம் பார்த்துத் தாவினாள்.

கால்கள் காற்றைப் பற்றின.

கீழே பாறையில் விழுந்த சத்தம் மேலே இருந்தவர்களுக்கே கேட்டது. குட்டிகளுக்கும் கேட்டது.

செம்பி சாகவில்லை. கருவாலனும் மாப்பிள்ளையும் இறங்கி, நரி வருமுன் இழுத்துவந்து வேங்கை மரத்தின் வேர்ப்பொந்தில் கிடத்தினார்கள். ஆமை வைத்தியர் மெள்ள வந்து, இடுப்பைத் தொட்டுப் பார்த்தார்.

"உயிருக்குப் பயமில்ல. பின்னங்கால் ரெண்டும் இனிமே வராது."

"நாள் ஆனா ஏறுவாளா வைத்தியரே?" என்று கருவாலன் கேட்டான்.

"மரமா? அத மறந்துடுங்க."

அதற்குப் பிறகுதான் அந்த அதிசயம் நடந்தது. விஷயம் கேள்விப்பட்ட ஒவ்வொருவரும் ஒரு கை முந்திரியோடு வந்தார்கள். போட்டியில் விருந்து சாப்பிட்ட கூட்டாளிகள் வந்தார்கள். என்னமாத் தாவுறா என்றவர்கள் வந்தார்கள். மினுக்கி அழுதுகொண்டே தன் வீட்டிலிருந்து ஒரு மூட்டை கொண்டுவந்து கொட்டினாள். ஒரு வருஷமாக நிறையாத பொந்து ஒரே பகலில் நிறைந்து வழிந்தது.

கோணவாயன் தானே கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வந்தான். "முந்திரி கிடக்கட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்றான். தலையைச் சொறிந்தான். "நீ எப்படியோ சமாளிக்கிறேன்னுல்ல நினைச்சேன்!"

கருவாலன் அதை வாங்கி அவள் மூக்கில் மாட்டினான்.

செம்பி பார்த்தாள். ஓடைக்கு அந்தப் பக்கம் பலாக்கிளை ஒன்றே ஒன்றாக நீண்டிருந்தது. அதில் தொங்கிய பழத்தின் ஒவ்வொரு முள்ளும் தெரிந்தது. இங்கே தன் காலடியில் நரியின் பாதத் தடம் தெரிந்தது. மரத்தைச் சுற்றி இரண்டு தடவை நடந்து போயிருக்கிறது. நேற்று வரைக்கும் அது அவளுக்குத் தெரியவில்லை.

தலையைத் தூக்கினாள். உச்சிக் கூட்டின் விளிம்பில் மூன்று குட்டிகளும் எட்டிப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தன. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அவற்றின் முகத்தைப் பார்த்தாள். கடைக்குட்டியின் காதோரம் ஒரு வெள்ளைப் புள்ளி. நடுக்குட்டிக்கு மூக்கு அவள் மூக்கு. மூத்தது அழுதுகொண்டிருந்தது. துடைத்துவிட ஆளில்லை. நீட்டிய அவள் கை மரப்பட்டையைத்தான் தொட்டது.

"நல்லாத் தெரியுதா, செம்பி?" என்று கருவாலன் தாழ்ந்த குரலில் கேட்டான்.

"தெரியுது" என்றாள் செம்பி. "எல்லாமே நல்லாத் தெரியுது."

ஒருவர் எப்படியோ சமாளித்துக்கொள்கிறார் என்பதற்காக அவருக்கு வேண்டியதைத் தள்ளிப்போடாதீர்கள். அவர் விழுந்த பிறகு கொண்டுவந்து கொடுப்பதற்கு உதவி என்று பெயரில்லை.