ஏழா, மூணா, புது டப்பாவா?

கதையக் கேட்டுட்டு ஆளுக்கொரு தீர்ப்பு சொல்லணும். டீ குடிக்கப் போறேன்னு யாரும் நழுவக் கூடாது.

கோவில்பட்டில செண்பகவடிவுன்னு ஒருத்தி. புருஷனுக்கு ரெண்டு கிட்னியும் கைவிட்டாச்சு. வாரத்துல மூணு நாளு ஆஸ்பத்திரி, மிச்ச நாளு கட்டில். அவர விட்டுட்டு தெருமுனைக்குக்கூடப் போக முடியாது. வருசம் பூரா போன்லயே கெஞ்சிக் கூத்தாடி, வீட்டுல இருந்து பாக்குற வேலை ஒண்ணு பிடிச்சா. கம்பெனிக்காரன் மெசேஜ் போட்டான்: 'நாளைக்குக் காலைல பத்து மணிக்கு லேப்டாப்போட ரெடியா இருக்கணும். விண்டோஸ் பதினொண்ணு வேணும். வீடியோ கால், சாட், எக்செல் மூணும் ஒண்ணாத் தொறந்து ஓடணும். இல்லன்னா லிஸ்ட்ல அடுத்த ஆளு.'

கழுத்துச் செயின வித்தா. பக்கத்து வீட்டம்மாவ அவர்கிட்ட ஒக்கார வச்சுட்டு பஜாருக்கு ஓடுனா. கூடவே கொழுந்தன் இசக்கிராஜா, அக்கா பேச்சித்தாய். என்னமோ பொண்ணு பாக்கப் போறாப்ல.

கடைக்கார அண்ணாச்சி அந்த மெசேஜ வாங்கி ரெண்டு தடவ படிச்சாரு. மூணு லேப்டாப்ப எடுத்து வச்சாரு. மூணும் ஒரே விலை. தலைக்கு மேல போர்டு: 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது.'

மொதலாவது பழசு. ஐ-செவன், நாலாவது ஜெனரேஷன், ரேம் பதினாறு ஜிபி.

"இதான் மதினி"ன்னான் இசக்கிராஜா, கடைசில இருந்த ஐ-த்ரீயத் தள்ளி வச்சுட்டு. "மூணாங்கிளாஸ் புள்ள ஏழாங்கிளாஸ் கணக்கப் போடுமா?"

அவன் ஏழாங்கிளாஸ ரெண்டு வருசம் படிச்சவன். அந்த நம்பர் மேல ஒரு மரியாத.

ரெண்டாவது புத்தம் புதுசு. செலிரான் சிப்பு, ரேம் நாலு, அதுக்கு மேல ஏத்த வழியில்ல. "அடுத்தவன் கைபட்டது நமக்கு எதுக்குடி? புதுசுன்னா சந்தனம் குங்குமம் வைக்கலாம்"னா அக்கா.

மூணாவது ஏதோ ஆபீஸ்ல ஓடுன பழசு. ஐ-த்ரீ, எட்டாவது ஜெனரேஷன், ரேம் எட்டு. அண்ணாச்சி அதத் துணியால தொடச்சு, "தங்கச்சி, உன் வேலைக்கு இது போதும்"னாரு.

அக்கா முகம் சுருங்கிப்போச்சு. "ஒண்ணுக்கு ரெண்டு எட்டு. சனி நம்பர். வீட்டுல ஒருத்தரு படுத்துக் கெடக்கறது பத்தலையா?"

"நாலு மாசமா அந்த அலமாரில தூங்குது மதினி, நான்தான் வரும்போதெல்லாம் பாக்கேன்ல. தள்ளிவிட அண்ணாச்சிக்கு ஒரு ஆளு வேணும், நீங்க வந்து மாட்டுனீங்க."

அண்ணாச்சி மறுக்கல. "ஆமா தம்பி, போகாத சரக்குதான். எட்டப் பாத்தா எல்லாரும் ஓடுறாங்க."

அந்நேரம் பாத்து பக்கத்து வீட்டம்மா போன். "அவருக்கு மூச்சு வாங்குதும்மா. சீக்கிரம் வா."

செண்பகவடிவு செயின் வித்த பணத்தக் கையில எடுத்துட்டா. யோசிக்க நேரமில்ல. தப்பா எடுத்தா வேலை போச்சு, விக்க இன்னொரு செயினும் இல்ல. ஒருத்தன் ஏழுங்கான், ஒருத்தி புதுசுங்கா, ஒருத்தரு தேங்குன சரக்க நீட்டுறாரு.

இப்பச் சொல்லுங்க, இந்த மூணு பேர்ல யாரு பேச்ச அவ கேக்கணும்?

விடை: அண்ணாச்சி பேச்சத்தான். ஏழு, மூணுங்கறது ஒரே காலத்துல பொறந்ததுகளுக்குள்ள எது பெருசுன்னு மட்டும் சொல்லும். எப்பப் பொறந்துச்சுன்னு சொல்றது ஜெனரேஷன் நம்பரு, அந்த நாலாவதும் எட்டாவதும். நாலாவது ஜெனரேஷன விண்டோஸ் பதினொண்ணு முறைப்படி சேத்துக்காது, பொதுவா எட்டாவதுல இருந்துதான் உள்ள விடும். ஏழா இருந்தாலும் வாசல்ல நிக்க வேண்டியதுதான். புதுசு உள்ள போயிரும், ஆனா நாலு ரேம வச்சுக்கிட்டு மூணு வேலையும் ஒண்ணாப் பாக்கச் சொன்னா மூச்சு முட்டிப் படுத்துரும்; எட்டு ரேமு தாங்கிரும். அண்ணாச்சி தன் சரக்கத் தள்ளத்தான் பாத்தாரு, இல்லங்கல. ஆனா யோசனை சொன்ன மூணு பேர்ல அந்த மெசேஜப் படிச்ச ஆளு அவரு ஒருத்தர்தான். அவரு படிச்சத செண்பகவடிவு கவனிச்சு வச்சிருந்ததால, அவரு காட்டுன ஐ-த்ரீயையே வாங்கிட்டு வீட்டுக்கு ஓடுனா. ராத்திரிக்குள்ள புருஷனுக்கு மூச்சு சீராயிருச்சு. மறுநாள் கால் வந்தப்ப, கட்டில்ல புருஷன் இருமுறது அந்தப் பக்கம் கேட்டுரக் கூடாதுன்னு மைக்க அணைச்சு அணைச்சுப் போட்டு, பத்துல இருந்து ஒரு மணி வரைக்கும் பேசி முடிச்சா. வேலை நெலச்சுது.