கையை உதறிய செல்

ஒரு காட்டில் தாய் சொல் கேளாத மான்குட்டி ஒன்று, குட்டையில் கிடந்த கலங்கல் தண்ணீரை வயிறு முட்டக் குடித்துவிட்டது. குழந்தைகளே, நம் கதை நடந்தது அந்தக் குட்டியின் குடலுக்குள்ளே.

அங்கே கண்ணுக்குத் தெரியாத செல்கள் இடைவெளி விடாமல் நின்று, ஒன்றின் கையை ஒன்று இறுகப் பிடித்திருந்தன. அதுதான் குடலின் சுவர். ஒரு செல்லுக்கு ஆபத்து தெரிந்தால் அதன் கை நடுங்கும். அந்த நடுக்கம் கைக்குக் கை பரவி எல்லாரையும் உஷார்ப்படுத்தும்.

அவர்களில் மருதி சரியான பயந்தாங்கொள்ளி. கலங்கல் தண்ணீர் வந்ததுமே அவளுக்கு உதறல் எடுத்தது. பக்கத்தில் நின்ற நல்லான் முகம் சுளித்தான்.

தண்ணீரோடு வந்த கிருமி அதைக் கவனித்துவிட்டது. அது தேன் ஒழுகப் பேசும் கிருமி.

“பாவம் தம்பி. அவளுக்குப் பயம் என்றால் நீ ஏன் நடுங்கவேண்டும்? கையை விட்டுப் பார், நிம்மதியாக இருக்கும்.”

“அண்ணே, விட்டுவிடாதே. எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை,” என்றாள் மருதி.

“உனக்கு என்றைக்குத்தான் சரியாகப் பட்டது? எப்போது பார்த்தாலும் இதே புலம்பல்.”

நல்லான் இரண்டு பக்கமும் கையை உதறினான். நடுக்கம் நின்றது. அப்பாடா என்று அவன் மூச்சு விடுவதற்குள் கிருமி இடுக்கில் புகுந்தது. பின்னாலேயே அதன் கூட்டமும் புகுந்தது. நல்லானுக்கு அப்பால் நின்றவர்களுக்கோ செய்தியே போகவில்லை.

வெளியே மான்குட்டி அனலாய்க் கொதித்துச் சுருண்டு விழுந்தது. தாய்மான் நக்கி நக்கிப் பார்த்தது. குட்டி கண் திறக்கவில்லை.

மருதிக்கு உயிரே போனது போலிருந்தது. குட்டி செத்தால் எல்லாருக்கும் சாவுதான். அவள் உடம்பை இழுத்து நீட்டி, நல்லானுக்கு அடியில் புகுந்து, அந்தப் பக்கம் நின்ற பொன்னியை எட்டினாள்.

“அக்கா, கையைக் கொடு. சீக்கிரம்.”

பொன்னி பிடித்துக்கொண்டாள். நடுக்கம் சுவர் முழுவதும் ஓடியது. எல்லாரும் நெருக்கி நின்றார்கள். இடுக்கு அடைபட்டது. உள்ளே போன கிருமிகளை இரத்தத்தில் காவல் நின்ற செல்கள் துரத்தின.

நல்லானுக்கு இப்போது நிற்க இடமில்லை. குடலின் ஓட்டம் அவனை இழுத்தது.

“மருதி, என்னைப் பிடித்துக்கொள். இனிமேல் விடமாட்டேன்,” என்று கெஞ்சினான்.

அவனுக்குக் கை கொடுக்க வேண்டுமானால் பொன்னியின் கையை விடவேண்டும். விட்டால் மறுபடியும் வழி திறக்கும்.

“என்னிடம் வேறு கை இல்லையே, அண்ணே,” என்று மருதி அழுதாள்.

அவன் போய்விட்டான். வெளியே மான்குட்டி மெல்லக் கண் திறந்து தாயின் மடியைத் தேடியது.

நீதி: உடனிருப்பவரின் பயத்தைத் தொல்லை என்று உதறுபவன், தன் காவலையே உதறுகிறான்.