பாறை ஏறி வந்த முள்ளம்பன்றி

மழை பொய்த்த வருஷம். காட்டில் கிழங்குக்கே பஞ்சம். நடமாட முடியாத பிராணிகளுக்குப் பொதுச் சேமிப்புக் குழியிலிருந்து கிழங்கு கொடுக்கச் சொல்லி யானைத் தலைவர் உத்தரவு போட்டார். யாருக்கு முடியவில்லை என்று தீர்ப்புச் சொல்வது கரடி. அந்தத் தீர்ப்பு சரிதானா என்று மறுபடி பார்ப்பது கீரி.

கீரிக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது. தன் வால் அசைந்தாலே, "யாரது?" என்று திரும்பிப் பார்க்கும்.

காற்று நன்றாக வருகிறதென்று கரடி பாறை உச்சியில் உட்கார்ந்திருந்தது. கல் விழுந்து நசுங்கிய பின்காலை இழுத்துக்கொண்டு ஒரு முள்ளம்பன்றி விடியலில் ஏறத் தொடங்கி, உச்சி வெயிலில் வந்து சேர்ந்தது.

"கரடியண்ணே! மண்ணைத் தோண்ட முடியல. பால் வத்திப்போச்சு, குட்டி கத்துது!"

"இம்மாம் பெரிய பாறை ஏறி வந்திருக்கே! உனக்கா முடியல? போ, போ!"

அடுத்து ஒரு குரங்கை அதன் தம்பிகள் தூக்கி வந்தன. "ஐயோ, அம்மா!" என்று அது முனகியது.

"அடப் பாவமே! இந்தா, நிறைய அள்ளிக்கிட்டுப் போங்க!"

பக்கத்தில் நின்ற கீரிக்கோ முள்ளம்பன்றி மேல்தான் சந்தேகம். 'விரட்டியும் ஒரு வார்த்தை திட்டலையே! வேஷக்காரிதான். கண் மறைஞ்சதும் ஓடும் பாரு!'

புதர் புதராக ஒளிந்து பின்னாலேயே போனது. முள்ளம்பன்றி ஓடவில்லை. புழுதியில் மூன்று கால் தடம். நாலாவதற்கு இழுத்த கோடு. வளையில் குட்டி மடியில் வாய் வைத்தது. ஒன்றும் வராமல் வீறிட்டது.

வேஷமில்லை என்று கீரிக்குப் புரிந்தது. ஆனாலும் சந்தேகம் சும்மா இருக்குமா? குரங்கு பக்கம் திரும்பியது.

மரத்தடியில் குரங்கு காலை நீட்டிப் படுத்திருந்தது. தம்பிகள் கிழங்கு உரித்து ஊட்டிக்கொண்டிருந்தன.

"ஐயோ! நல்லபாம்பு! காலடியில நல்லபாம்பு!" என்று கத்தியது கீரி.

தம்பிகள் எழுந்திருக்குமுன் குரங்கு மர உச்சியில் இருந்தது!

"என்னப்பா, கால் எப்படி இருக்கு?"

"கீரியாரே... பயத்துல குணமாயிடுச்சு!"

கீரி பாறைக்கு ஓடியது. "கரடியண்ணே! என்ன தீர்ப்பு இது?"

"நடந்து வந்தா முடியும். தூக்கி வந்தா முடியாது. இதுதானே நம்ம வழக்கம்!"

"தூக்க ஆள் இருக்கிறவனுக்குக் கிழங்கு, ஆள் இல்லாதவளுக்குப் பட்டினியா? நீ கொடுத்ததைத்தான் இத்தனை நாளும் மோந்து பார்த்தேன். விரட்டினதை எவன் பார்த்தான்? இறங்குய்யா கீழே! இனி வளை வளையாப் போய்ப் பார்ப்போம்!"

கரடி முணுமுணுத்துக்கொண்டே இறங்கியது.

கீரி கிழங்குகளை உருட்டிக்கொண்டு போனது. முள்ளம்பன்றி முள்ளைச் சிலிர்த்தது.

"இது இன்னொரு சோதனையா? நான் எட்டி எடுத்தா, 'பாத்தியா, முடியுதே!'ன்னு சொல்லவா?"

கீரி கிழங்கை வளை வாசலில் வைத்துவிட்டு, பிறந்ததிலிருந்து முதல் தடவையாகத் திரும்பிப் பார்க்காமல் நடந்தது.

கேட்டு வந்தவர் நொண்டுகிறாரா என்று சந்தேகப்படுமுன், அவரை அளக்கிற கோல் நொண்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.