காற்றுக்கும் சேர்த்து மூன்று கிலோ

தூத்துக்குடியில் ஒரு மக்ரூன் கடைக்கு அடுத்த வீட்டில், ரொம்பக் காலத்துக்கு முன்னால் இல்லை, போன வருஷம்தான், ஒரு தராசும் ஒரு இஞ்ச் டேப்பும் ஒரே மேசையில் குடியிருந்தன. மேசைக்குச் சொந்தக்காரி ஜெசிந்தா. கண்ணாடி வளையல்களைப் படம் பிடித்து இணையத்தில் போட்டு, கேட்பவர்களுக்குப் பெட்டி கட்டி அனுப்புகிறவள்.

மதுரைக்கும் கோவைக்கும் அனுப்பிக்கொண்டிருந்த வரை தராசு சொன்னதுதான் சட்டம். முக்கால் கிலோ என்றால் முக்கால் கிலோவுக்குக் கூலி. வெளிநாட்டு ஆர்டர் வர ஆரம்பித்ததும் அதன் செல்வாக்கு சரிந்தது. கூரியர் ஆபீஸ்காரர் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் அளந்து, மூன்றையும் பெருக்கி, ஐயாயிரத்தால் வகுத்து, மூன்று கிலோ என்றார். எடையா, அளவா, எது அதிகமோ அதற்குத்தான் கூலியாம். விமானத்தில் இடத்தை அடைக்கிறதல்லவா. ஜெசிந்தாவுக்கு வயிறு எரிந்தது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சும்மாவா சொன்னார்கள்.

அன்றிலிருந்து டேப்புக்குத் தலைகால் புரியவில்லை. பெட்டிக்குள் வளையல்களைச் சுற்றி உட்கார்ந்திருந்த காற்றைத்தான் அது முதலில் பிடித்துக்கொண்டது.

"ஒனக்கு எடை உண்டா?"

"இல்ல" என்றது காற்று.

"வெலை உண்டா?"

"இல்ல."

"பொறவு என்னத்துக்கு டிக்கெட் எடுத்து ஏரோப்பிளேன்ல போற?"

பக்கத்துக் கடை மக்ரூனில் பாதி நான்தான் என்று காற்று மெல்லச் சொல்லிப் பார்த்தது. முட்டை வெள்ளையை நுரைக்க நுரைக்க அடித்து என்னை உள்ளே ஏற்றாவிட்டால் அது வெறும் சீனிப்பாகு என்றது. டேப்பு காதில் போட்டுக்கொள்ளவில்லை. தராசு ஒத்தாசைக்கு வந்திருக்கலாம். ஆனால் காற்று என்று ஒருவர் அந்த மேசையில் இருப்பதே தராசுக்குத் தெரியாது.

ஜெசிந்தாவும் டேப்பின் கட்சிதான். மெல்போர்னுக்குப் போக வேண்டிய நாலு டஜனை ஒரே ஒரு சுற்று பிளாஸ்டிக் குமிழ்த்தாளில் பொதிந்து, சின்னப் பெட்டியில் திணித்து, மூடி சேராததால் முழங்காலை வைத்து அழுத்தி ஒட்டினாள். காற்று கிடைத்த சந்து வழியாக வெளியே போனது. ஒரு கிலோ கூலிதான் ஆயிற்று. அவளுக்கு அன்று தரையில் கால் பாவவில்லை.

அவளுடைய செல்போனில் டிராக்கிங் எண் என்று ஒருவர் உண்டு. பெயரே பதின்மூன்று எழுத்து. நாளுக்கு நாற்பது தடவை அவரைப் பார்க்காவிட்டால் ஜெசிந்தாவுக்குச் சோறு இறங்காது. பன்னிரண்டாம் நாள் அவர் 'சேர்க்கப்பட்டது' என்று பெருமையாக அறிவித்தார். அரை மணி நேரத்தில் மெல்போர்னிலிருந்து படம் வந்தது. நாலு டஜனும் சுக்குநூறு.

ஜெசிந்தா போனைத் திட்டித் தீர்த்தாள். "எங்க இருக்குன்னு கேட்டிய, சொன்னேன். எப்படி இருக்குன்னு எங்கிட்ட யாரும் சொல்லலியே" என்று முனகியது எண். பாவம், எய்தவன் இருக்க அம்பை நோவானேன்.

அதற்கு அடுத்த வாரம்தான் மூன்றாவது தெருவிலிருந்து கோமதியம்மாள் வந்தார். மகள் செண்பகவல்லி டொரன்டோவில் இருக்கிறாள். ஏழாம் மாதம். இன்னும் மூன்று ஞாயிறு தள்ளி வளைகாப்பு. கோமதியம்மாளுக்கு விசா கிடைக்கவில்லை. நாலு டஜன் வளையலையும் அவரே தேர்ந்தெடுத்தார். இரண்டிரண்டாக எடுத்து, ஒன்றோடு ஒன்றை லேசாகத் தட்டி, காதருகே வைத்துக் கேட்டார். விரிசல் விழுந்த வளையல் சத்தத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

கூலி ஒரு கிலோவுக்கு என்று ஜெசிந்தா முன்பே போனில் சொல்லி வாங்கிவிட்டாள். ஆகவே சின்னப் பெட்டியைத்தான் எடுத்தாள். முழங்காலைத் தூக்கியும் விட்டாள். அப்போது கோமதியம்மாள் பெட்டியின் மூடியைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"என்னாலதான் போவ முடியல. இதாவது முழுசாப் போய்ச் சேரட்டும் ஜெசிந்தா."

ஜெசிந்தா முழங்காலை இறக்கினாள். சின்னப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் பெரியதை எடுத்தாள். அந்த வாரம் அவளுக்கு லாபம் என்று ஒன்று கிடையாது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். மணி நாலு. பக்கத்துக் கடையில் அடுப்பைத் திறந்திருந்தார்கள். முந்திரியும் சீனியும் வேகிற வாசம் அறை முழுக்க நின்றது. பழைய தாள்களைக் கசக்கிக் கசக்கி வளையல்களைச் சுற்றி வைத்தாள். அழுத்தவே இல்லை. வெளியே துரத்தப்பட்டிருந்த காற்று கூச்சத்தோடு உள்ளே வந்து உட்கார்ந்தது.

கூரியர் ஆபீஸுக்குக் கூடவே வந்த டேப்பு உரக்க வாசித்தது: "மூணு கிலோ."

ஆபீஸ்காரர் ஜெசிந்தாவின் முகத்தைப் பார்த்தார். "காத்துக்கும் சேத்துத்தான் குடுக்கேன், எழுதுங்க" என்றாள் அவள்.

உள்ளே என்ன இருக்கிறது என்று சுங்கத்துக்கு ஒரு படிவம் உண்டு. கண்ணாடி வளையல், நாலு டஜன் என்று எழுதினார். காற்றை எழுத அதில் இடமில்லை.

டிராக்கிங் எண் சென்னை என்றது, பிராங்க்பர்ட் என்றது, டொரன்டோ என்றது. பிறகு 'சுங்கச் சோதனையில்' என்று சொல்லிவிட்டு ஆறு நாள் வாயைத் திறக்கவில்லை. கோமதியம்மாள் தினமும் காலையில் வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அதே இரண்டு சொல்லைப் படித்துவிட்டுப் போனார்.

பெட்டிக்குள் என்ன நடந்தது என்று எண்ணுக்கும் தெரியாது. யாரோ தூக்கிப் போட்டார்கள். யாரோ கவிழ்த்து வைத்தார்கள். ஒவ்வொரு முறையும் வளையல்கள் கண்ணை மூடிக்கொண்டன. ஒவ்வொரு முறையும் காற்று நடுவே போய் நின்றது.

"ஒனக்கு வலிக்கலியா?" என்று ஒரு பச்சை வளையல் கேட்டது.

"எனக்கு என்ன, எலும்பா இருக்கு?" என்றது காற்று.

வளைகாப்புக்கு முந்தின நாள், சனிக்கிழமை விடிகாலை, 'சேர்க்கப்பட்டது' என்றது எண். அங்கே அப்போது வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஜெசிந்தா சந்தோஷப்படவில்லை; அந்த வார்த்தையை அவள் ஒருமுறை நம்பிப் பார்த்தவள். கோமதியம்மாள் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். போன் வந்தது. திரையில் செண்பகவல்லி அழுதுகொண்டிருந்தாள்.

"ஒடஞ்சிட்டாட்டி?" என்றார் கோமதியம்மாள்.

"ஒண்ணுகூட ஒடயலம்மா."

"பொறவு எதுக்கு அழுவுத?"

"பெட்டியத் தொறந்தேன். நம்மூரு மக்ரூன் வாசம் அடிச்சுதும்மா. நீ வந்து நிக்க மாதிரி இருந்துச்சு. வளையல எடுத்துட்டு ஒடனே மூடிட்டேன். வளைகாப்பு முடியிற வரைக்கும் அந்த வாசம் இருக்கணும்லா. கொஞ்சங் கொஞ்சமாத் தொறந்துக்கிடுதேன்."

மக்ரூனும் வைத்தாயா என்று கோமதியம்மாள் ஜெசிந்தாவைப் பார்த்துக் கேட்டார். இல்லக்கா, வளையல் மட்டும்தான் என்றாள் ஜெசிந்தா. சொல்லும்போதே அவளுக்கும் கண் நிறைந்துவிட்டது.

மேசையில் தராசுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "வளையலத்தான் எடுத்துட்டாளே. ஒண்ணுமில்லாத பெட்டிய எதுக்கு மூடி வச்சிருக்கா?" என்றது.

"ஒண்ணுமில்லன்னு யாரு சொன்னா?" என்றது டேப்பு. "மூணு கிலோ இருக்கு."