ஓசி கிடையாது

மலையடிவார ஆசிரமத்து மாதாஜி அன்று சுலோச்சனா வீட்டுக்குப் பிட்சைக்கு வந்திருந்தார். சுலோச்சனாவைவிட மூன்று வயது இளையவர். ஆனாலும் குரு குருதான்.

ஒரே வீடு, நடுவில் சுவர். இந்தப் பக்கம் சுலோச்சனா. அந்தப் பக்கம் கொழுந்தன் மனைவி மேனகா.

இலையை எடுத்ததுமே சுலோச்சனா கேட்டுவிட்டாள். பொறுமை அவளுக்கு என்றைக்கு இருந்தது?

“எட்டு மாசமா அந்தப் பக்கத்தோட நான் மௌனம், மாதாஜி. ஒரு வார்த்தை பேசலை. மௌனம் மனசை அடக்கும்னு நீங்கதானே சொன்னீங்க? எனக்கு ஏன் அடங்கலை?”

மாதாஜி தம் கைபேசியை நீட்டினார். “ஆசிரமத்துக்கு ஒரு செய்தி அனுப்பணும். இதுல எது உங்க வை-ஃபை?”

திரையில் இரண்டு பெயர்கள். ‘ஓசி கிடையாது’ என்று ஒன்று. அதற்குக் கீழே ‘சொந்தக் காசு’.

“மேலே இருக்கிறது” என்றாள் சுலோச்சனா.

“கீழே?”

“அவளோடது. நான் பேர் மாத்தின மறுவாரமே புதுசா வாங்கி வச்சிருக்கா.”

“நல்லாத்தான் பேசிக்கறீங்க ரெண்டு பேரும்.”

சுலோச்சனாவுக்குச் சுருக்கென்றது.

“அவ பண்ணினது தெரியாம சொல்லாதீங்க. முதல்ல இங்கே இணைப்பு வாங்கினது நான். ரெண்டு வீட்டு ஆம்பளைகளுக்கும் ஒரு பல்பு மாட்டத் தெரியாது. நானே வீடியோ பார்த்து, சுவர்ல துளை போட்டு, ஒயர் இழுத்து, அந்தப் பக்கம் இன்னொரு பெட்டி மாட்டிக் கொடுத்தேன். நாலு வருஷம் சுகமா அனுபவிச்சா. அப்புறம் ஒரு சீமந்தத்துல பத்துப் பேர் நடுவுல சொல்றா, ‘அக்கா குடுக்கிற நெட்டு ஆமையாட்டம் நகருது’ன்னு! நேரா வீட்டுக்கு வந்தேன். பாஸ்வேர்டை மாத்தினேன். பேரையும் மாத்தினேன்.”

“அப்புறம்?”

“அந்த நேரம் பார்த்து ஹரிணிக்கு ஆன்லைன்ல வேலைக்கு நேர்காணல். பாதியில அறுந்துபோச்சு. வேலையும் போச்சு.”

ஹரிணி மேனகாவின் மகள். பெண் குழந்தை இல்லாத சுலோச்சனா இடுப்பில் தூக்கி வளர்த்தவள். எட்டு மாதமாக இந்த வாசலை மிதிக்கவில்லை.

“சீமந்தம் என்னைக்கு?” என்றார் மாதாஜி.

“ஞாயித்துக்கிழமை.”

“நேர்காணல்?”

“திங்கள், பத்தரைக்கு. முதல் நாளே வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டா. ‘வேண்டிக்கோ பெரியம்மா’ன்னுட்டுப் போனா.”

“நீங்க மாத்தினது?”

சுலோச்சனா புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். அவிழ்த்தாள்.

“திங்கள். பத்தே முக்கால்.”

மாதாஜி திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

“போதும் மாதாஜி. நான் இறங்கி வரேன். அந்தக் குழந்தை ஒரு தடவை உள்ளே வந்து பெரியம்மான்னா போதும். வை-ஃபைக்கு நீங்களே ஒரு நல்ல பேரா சொல்லுங்க, இப்பவே வச்சிடறேன். அவ போன்ல பார்ப்பா. புரிஞ்சுக்குவா.”

மாதாஜி எழுந்தார். சுவரோரம் போய், பக்கத்து அறையில் இருப்பவளைக் கூப்பிடுகிற குரலில், “ஹரிணி” என்றார்.

“வரேன்!”

கொலுசுச் சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. “யாரு? பெரியம்மாவா?”

மாதாஜி விலகி இடம் விட்டார். மெல்லிய குரலில், “வேற பேர் எதுக்கு? அவ பேர் சொல்லிக் கூப்பிடுங்க” என்றார்.

சுலோச்சனா சுவரில் கை வைத்தாள். பெயர் தொண்டை வரை வந்தது. மூத்தவள் நானா முதலில் பேசுவது என்பதும் கூடவே வந்தது.

“யாருடி கூப்பிட்டது?” அடுப்படியிலிருந்து மேனகாவின் குரல்.

கொலுசு அசையவில்லை. வெகுநேரம் அசையவில்லை.

“யாரும் இல்லம்மா” என்றாள் ஹரிணி.