எட்டாவது கிண்ணம்

புதுச்சேரிக்கு வெளியே ஒரு முந்திரித் தோப்பில் ரெஜினா, ராக்கு என்னும் ஜப்பானிய முறையில் மண்கிண்ணம் சுடும் சூளை வைத்திருந்தார். அவருக்கு நாற்பது வயது. அவரிடம் கற்க வந்த தணிகாசலத்துக்கு அறுபத்து மூன்று. மில்லில் முப்பத்தாறு வருஷம் துணியைப் பிரித்துப் பிரித்துக் குறை கண்டுபிடித்த மனுஷர். ஓய்வு பெற்றது அவர்தான், அவர் கண் இல்லை.

ராக்குவில் வேலை சுருக்கம். தணலாய்ச் சிவந்த கிண்ணத்தை இடுக்கியால் எடுத்து, மரத்தூள் போட்ட டின்னில் வைத்து, மூடிவிட வேண்டும். தூள் பற்றிக்கொண்டு, காற்றில்லாமல் புகையும். அந்தப் புகையில்தான் பூச்சிலுள்ள செம்பு செக்கச்செவேலென்று மாறும். ஆறும்வரை திறக்கக் கூடாது.

தணிகாசலம் திறப்பார். லேசாக, ஒரு விரல் இடுக்குதான். புகையைத் தவிர எதுவும் தெரியாது. ஆனால் காற்றுக்கு அந்த இடுக்கு போதும். மூன்று வருஷமாக அவர் வைத்த கிண்ணங்களெல்லாம் பாசி நிறத்திலேயே வந்தன.

மறுநாள் அவர் மகனோடு நியூசிலாந்துக்கே போய்விடுகிறார். இதுதான் கடைசிக் கிண்ணம். ஒரே ஒரு சிவப்புக் கிண்ணமாவது கொண்டுபோக வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

அன்று சூளையில் இரண்டு கிண்ணங்கள். இன்னொன்று ரெஜினாவுடையது. ஏழு முறை கெட்டுப்போய், எட்டாவதாக வனைந்தது. அடுத்த வாரம் கண்காட்சிக்குப் போக வேண்டும்.

இரண்டையும் எடுத்து, இரண்டு டின்களில் வைத்து மூடினார்கள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. தணிகாசலத்தின் கை மூடிப் பக்கம் போனது.

“சார்.”

“திறக்கல டீச்சர். சும்மா ஒரு பக்கம் தூக்கி...”

“எதுக்கு?”

“உள்ள என்ன நடக்குதுன்னே தெரியலையே. தெரியாம எப்படி டீச்சர் நிக்கிறது?”

ரெஜினா தன் டின்னருகே போனார். மூடியை முழுசாகத் தூக்கிக் கீழே போட்டார்.

குபீரென்று தீ எழுந்து அடங்கியது. உள்ளே கிண்ணம் தெரிந்தது. அப்படியொரு சிவப்பைத் தணிகாசலம் ஜென்மத்தில் பார்த்ததில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே விளிம்பில் பச்சை படர்ந்தது.

“ஐயையோ! மூடுங்க டீச்சர், மூடுங்க!”

அவரே மூடியை எடுக்க ஓடினார். ரெஜினா அதன்மேல் பூட்ஸ் காலை வைத்துக்கொண்டார்.

பச்சை வயிற்றுக்கு இறங்கியது. அடிக்கும் இறங்கியது. தணிகாசலம், பெற்ற பிள்ளையைத் தண்ணீரில் விட்டவர்போல நின்றார்.

“ஏன் டீச்சர் இப்படிப் பண்ணீங்க? எட்டாவது கிண்ணமாச்சே!”

“உள்ள என்ன நடக்குதுன்னு கேட்டீங்க. பார்த்தாச்சு. உங்க டின்னுக்குள்ளயும் இப்போ அந்தச் சிவப்புதான் சார் இருக்கு.”

தணிகாசலம் தன் டின்னைப் பார்த்தார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.