கேன்டீன் மெனுவும் ‘எல்லாம் சரி’யும்

சர்வர் எப்படி ஓட வேண்டும் என்று சொல்லும் கன்ஃபிக் ஃபைல்களில் தப்பு தேடும் டூல் ஒன்றை எழுதியவர் ஞானவடிவேல். அந்த ஆபீஸில் அவர் வைத்ததுதான் சட்டம். டூலின் ஹெல்ப் பக்கத்தில், ‘ஃபைல் பெயர் தராவிட்டால் எல்லா ஃபைலையும் சரிபார்க்கும்’ என்று எழுதியிருந்தார்.

“அந்த வரி தப்பு சார்,” என்றாள் கான்ட்ராக்டில் வந்த இளஞ்சியம். “பேர் தரலேன்னா அது எதையுமே பார்க்கிறதில்லை.”

“ஏழு வருஷமா இருக்கிற வரி. தப்புன்னா என் கையாலேயே நிரூபி, மாத்தலாம்.”

மறுநாள் மீட்டிங்கில் அவள் ஒரு ஃபோல்டரைக் காட்டினாள். “சார், நீங்களே இதுல டூலை ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்க.”

பெயர் எதுவும் தராமல் ஓட்டினார். திரையில் ‘எல்லாம் சரி’ என்று வந்தது.

“பார்த்தியா?”

“இப்போ ஃபோல்டரைத் திறங்க சார்.”

திறந்தார். உள்ளே இருந்தது ஒரே ஃபைல், கேன்டீன் மெனு.

“இனிமே நம்ம சர்வர் செவ்வாய்க்கிழமை புளியோதரையில ஓடும் சார்.”

மொத்த அறையும் சிரித்தது.

இளஞ்சியம் புது வரியை எழுதி ஒப்புதலுக்கு அனுப்பினாள்: ‘பெயர் தராவிட்டால் எதையும் பார்க்காமலே எல்லாம் சரி என்று சொல்லும்.’

ஞானவடிவேல் அதைத் திறக்கவே இல்லை. ‘எல்லாம் சரி’ என்று எழுதித் திருப்பி அனுப்பினார்.